வேணி வைத்துவிட்டுப் போன கல்

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில், பஸ்காரர் மனசு வைத்தால் மட்டும் பஸ் நிற்கிற கீழச்செவல்குளத்தில், பீடி சுற்றுகிற பெண்கள் பதினாலு பேர் வட்டமாக உட்கார்ந்து வேலை செய்கிற தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் நடுவில், ஒரு மரப்பலகைக்கு முன்னால், உள்ளங்கையில் அடங்குகிற செம்மண் நிறக் கல் ஒன்று கிடக்கிறது. அதை யாரும் தொடமாட்டார்கள், தரையைப் பெருக்குகிறவள்கூட அதைச் சுற்றித்தான் பெருக்குவாள், விவரம் தெரியாமல் குனிந்து எடுக்கப்போன பீடிக்கடை ஆள் ஒருவன் அத்தனை பேரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். கல்லை வைத்தவள் வேணி. அது அங்கேயே கிடக்கும்படி செய்தவள் தங்கபுஷ்பம். அவளைக் குற்றம் சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், நீங்களும் செய்திருப்பீர்கள், சும்மா யோக்கியர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பீடி சுற்றுகிறவளுக்குக் கையும் கண்ணும் வேலையில் மாட்டியிருக்கும், காது மட்டும் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற காதில் ஊர்வம்புதான் வந்து விழும், வம்பு முற்றினால் சண்டை வரும், சண்டை வந்தால் இலை வீணாகும். அதனால் அந்தக் கொட்டகையில் ஒருத்தியைப் பலகையில் உட்காரவைத்துக் கதைப் புத்தகம் வாசிக்கச் சொன்னார்கள். அவள் சுற்றாத பீடியை மற்றவர்கள் ஆளுக்கு ரெண்டு கட்டாகச் சுற்றி அவள் சுளவுத் தட்டில் போட்டுவிடுவார்கள். தங்கபுஷ்பம் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் அவள் தொண்டை அப்படி. ராஜா பேசினால் ராஜா குரல் வரும், கழுதை பேசினால் கழுதைக் குரல் வரும், ராஜாவே கழுதையாக இருந்தால் அதற்கும் ஒரு குரல் வைத்திருந்தாள்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்குப் பால் கொடுக்கவோ, உலையை இறக்கவோ, எதற்காவது எழுந்து போகிறவள், தன் பங்குக்கென்று வைத்திருக்கிற கல்லைப் பலகைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவாள். கல் கிடக்கிறவரை அடுத்த வரி கிடையாது. வைத்தவள் வந்து தன் கையால் எடுக்க வேண்டும். ஒருத்தி கேட்காத கதையை மற்றவர்கள் கேட்டுவிட்டால் பிறகு அவளோடு ஒன்றாக உட்கார்ந்து எப்படிச் சோறு தின்பது என்பது அவர்கள் நியாயம். கொட்டகையில் வயதிலும் வாயிலும் மூத்தவளான இசக்கி மதினி காய்ச்சலில் நாலு நாள் படுத்தபோது, ஓர் இளவரசன் நாலு நாளும் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கினான், அவனைத் தூக்கிவிட ஒருத்தரும் போகவில்லை. புத்தகம் கொட்டகைப் பரணிலேயே இருக்கும். தங்கபுஷ்பம் அதை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை, தனியாக ஒரு வரி புரட்டினதில்லை. அந்தக் கொட்டகையைப் பொறுத்தவரை வாயால் வாசிப்பதுதான் படிப்பு.

அவளுக்கு இருபத்திரண்டு வயதாக இருக்கும்போது, டவுன் கிளை நூலகத்திலிருந்து ‘மஞ்சுமலைக் கோட்டை’ என்று ஒரு தடிப் புத்தகம் எடுத்து வந்தாள். கோட்டைக்கு வெளியே எப்போதும் பனி. பனிக்குள் போனவர் திரும்பினதில்லை. கோட்டையின் வடக்கு வாசலைக் காக்கிறவள் வேயினி. இடது புருவத்தில் மச்சம், வலது கைச் சுண்டுவிரல் பாதிதான், இடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி. அப்பன் ஆத்தாள் இல்லாத அவளுக்குத் தாமன் என்று ஏழு வயதில் ஒரு தம்பி. பொழுது சாய்ந்தபின் கதவைத் திறக்கக்கூடாது என்பது அரசாணை; ஒரு நாள் சாயங்காலம் கைக்குழந்தையோடு ஒரு பெண் வெளியே நின்று கதறவே, வேயினி மனசு கேட்காமல் திறந்துவிட்டாள். அதற்குத் தண்டனையாக அவளைப் பனிக்குள் துரத்தினார்கள். தாமன் மதில் மேல் நின்று அழுகிறான். ‘வேயினி பனிக்குள் கால் வைத்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முதற்பாகம் முற்றிற்று.’ இப்படித் தங்கபுஷ்பம் முடித்தபோது கொட்டகையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. சவத்துப்பய ராஜா, அவன் நாசமாப் போவான் என்று இசக்கி மதினி மண்ணை வாரித் தூற்றினாள்.

மறுநாள் காலையில் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தவர்கள், கொட்டகைப் படியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். தலைமுடி பனியில் நனைந்திருந்தது. இடுப்பில் சாவி. யார் நீ என்று ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்பானேன், அதுதான் ரெண்டாம் அத்தியாயத்திலேயே மச்சம் வரைக்கும் சொல்லியிருக்கிறதே.

“ஏட்டி, நேத்துப் போனவ வந்துட்டா. குளிர்ல வெறைச்சுப் போயிருக்கா, ஆராவது ஒரு காப்பி கொண்டாங்களேன்” என்றாள் இசக்கி மதினி.

அவ்வளவுதான். மலையைப் புரட்டுகிற காரியமெல்லாம் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் நடக்கும், ஒரு காப்பியோடு முடிந்துவிடும். கடையத்திலும் முக்கூடலிலும் அதே புத்தகம் வாசித்த பெண்களிடம், உங்க பக்கம் வந்தாளா என்று ஆள்விட்டுக் கேட்டார்கள். எங்கேயும் வரவில்லை, இங்கேதான் வந்திருக்கிறாள் என்றதும் ஊருக்கே கொஞ்சம் கர்வம் வந்தது. தலையாரி வந்து பார்த்தார், பிரசிடெண்ட் வந்து பார்த்தார், அரண்மனைப் பெண்ணென்றால் நகைநட்டு இருக்குமே என்று ரெண்டு பேர் வந்து பார்த்துவிட்டுச் சாவியைக் கண்டு சப்பென்று ஆகித் திரும்பிப் போனார்கள். ரேஷன் கார்டு எழுதுகிறவர், வேயினி எல்லாம் ஒரு பேரா என்று வேணி என்று எழுதினார். தகப்பன் பெயர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை, அட்டையில் போட்டிருந்த எழுத்தாளர் பெயரையே தங்கபுஷ்பம் சொல்லிவைத்தாள், பெற்றவர் அவர்தானே. என்ன சாதி என்பதில்தான் ஒரு வாரம் இழுபறி. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு எந்தச் சாதி வரியில் சேர்ப்பது என்று கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் ‘கோட்டைக்காரவுக’ என்று நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்கினார்கள். அந்தப் பக்கத்தில் இன்றுவரை ஒரே பெயர்தான்.

வந்த புதிதில் அவள் பேச்சே வேறு. “அன்னையே, பருகச் சிறிது நீர் கிடைக்குமா?” என்று குழாயடியில் கேட்பாள், எதிரே இட்லிக்கடை வைத்திருக்கிற மைமூன் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு வருஷத்தில், “ஏ மைமூனு, தண்ணி தாயேன், தொண்ட காயுது” என்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். பீடிதான் கடைசிவரை கைக்கு வரவில்லை. பாதிச் சுண்டுவிரலால் மடக்க முடியாமல் ஒவ்வொன்றையும் தாழ்ப்பாள் தண்டிக்குத் தடியாகச் சுற்றிவைப்பாள், பீடிக்கடையில் கழித்துக் கட்டுவார்கள், அதனால் பெண்கள் அவள் பீடியைத் தங்கள் கட்டுகளுக்கு நடுவில் ஆளுக்கு நாலாக ஒளித்து அனுப்பினார்கள். ஆனால் கதவு காப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கொட்டகைச் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். வெள்ளம் வந்த வருஷம் கீழத்தெருச் சனம் முழுவதையும் ஆடு மாடு உட்பட உள்ளே விட்டுவிட்டுக் கதவருகே குந்தியிருந்தாள். கதவைத் தட்டினவரை யாரென்று கேட்டுவிட்டுத் திறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, முதலில் திறப்பாள், பிறகு கேட்பாள். அப்படித் திறந்து பட்டதெல்லாம் போதாதா என்று இசக்கி மதினி திட்டினால் சிரிப்பாள்.

மார்கழியில் மட்டும் வெயில் ஏறாமல் வெளியே வரமாட்டாள். வருஷா வருஷம் தீபாவளிக்குத் தாமனுக்கென்று ஒரு சட்டை எடுப்பாள். முதல் வருஷம் ஏழு வயசுச் சட்டை, அடுத்த வருஷம் எட்டு வயசுச் சட்டை. இப்ப நெஞ்சளவு எவ்வளவு இருக்கும், மீசை முளைச்சிருக்குமா, தோள் எங்க அப்பன் மாதிரி அகலமா வந்திருக்குமா என்று கடைக்காரரிடமே கேட்பாள், அவரும் உத்தேசமாக ஒன்றை எடுத்துக் கொடுப்பார். சட்டையெல்லாம் ஒரு தகரப்பெட்டியில் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தது. பத்தொன்பது தீபாவளி, பத்தொன்பது சட்டை.

இந்தப் பத்தொன்பது வருஷமும் தங்கபுஷ்பம் மாசத்துக்கு ஒருமுறை டவுனுக்குப் போய், ரெண்டாம் பாகம் வந்துட்டா சார் என்று நூலகத்தில் கேட்பாள். நூலகர் உதட்டைப் பிதுக்குவார். அவளுக்குக் கல்யாணமாகி, ஒரு மகள் பிறந்து, அந்த மகளுக்கும் கல்யாணப் பேச்சு எடுத்து, நூலகர் மூணு பேர் மாறி, மாறினவரிடமும் அதையே கேட்டாள். கொட்டகையில் வேறு எத்தனையோ புத்தகம் வாசித்தாள்தான், ஆனால் முதல் பாகத்தை வாசித்தபோது நாக்கில் ஓடின அந்த ருசி மறுபடி வரவேயில்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதை விட்டுவிடலாம் என்று நினைத்த மாசத்தில், புது நூலகர் மேஜைக்கடியிலிருந்து எடுத்து நீட்டினார். ‘மஞ்சுமலைக் கோட்டை, இரண்டாம் பாகம்.’ பஸ்ஸில் அதை மடியில் வைத்து அட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள், நம்ம நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் பயம் வந்தது.

ஏனென்றால் புத்தகம் முடிந்த இடத்தில் வந்தவள், புத்தகம் தொடங்கினால் என்ன ஆவாள்?

கொட்டகையில் அன்றைக்குப் பீடி சுற்றவில்லை. அட்டைப் படம் கை மாறிக் கை மாறிப் போனது. வேணியை வரைந்திருந்தார்கள், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, கொடி மாதிரி இடுப்போடு, பத்து விரலும் முழுசாக. “இவளா நம்மாளு? வரைஞ்ச கைய ஒடிக்கணும். மச்சத்தையாவது போட்டானா பாரு” என்றாள் இசக்கி மதினி. பிறகு குரலை இறக்கி, “புஷ்பம், இதை எடுத்த இடத்துல கொண்டுபோயிக் குடுத்துரு. இத்தனை வருசம் தெரியாம இருந்தது தெரியாமலே இருக்கட்டும். அதுல இவ பேரு வந்து, இவ எந்திரிச்சுப் போயிட்டான்னா?” என்றாள்.

எல்லாரும் வேணியைப் பார்த்தார்கள். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, புத்தகத்தின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாமன் அழுதுக்கிட்டே நின்னானே மதினி. அவன் என்ன ஆனான்னு இதுக்குள்ள இருக்கு. அதைக் கேக்காம நான் எப்படிச் சாவேன்?”

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வேணியின் பேர் வராதவரை வாசிக்கிறது. அவள் பேர் எந்த இடத்தில் தட்டுப்படுகிறதோ அங்கே நிறுத்திவிடுகிறது. அங்கே அவள் தன் கல்லை வைப்பாள், நல்லா யோசித்துவிட்டு வந்து எடுப்பாள். எடுத்து, வாசி என்றால் வாசிக்கிறது, மூடு என்றால் மூடிவிடுகிறது. அவள் சொல்லாமல் மேற்கொண்டு ஒரு எழுத்து கிடையாது. தங்கபுஷ்பம் அம்மன் திருநீற்றைப் பூசிக்கொண்டு சரி என்றாள்.

பன்னிரண்டு அத்தியாயம், நாளைக்கு ஒன்றாக வாசித்தாள். இங்கேதான் நான் தங்கபுஷ்பத்தின் மனசைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் கேடும் அந்த மனசிலிருந்துதான் வந்தது. முதல் நாளே அவளுக்கு நாக்கில் மண் கடிபட்ட மாதிரி இருந்தது. எழுதினவருக்கு வயசாகிவிட்டது. முதல் பாகத்தில் பனி வெறும் பனியாக இருந்தது, போனால் திரும்பமுடியாது, அவ்வளவுதான், அதுவே பயமாக இருந்தது. இப்போது அது ஒரு மந்திரவாதியின் யாகப்புகை என்று ஏழு பக்கத்துக்கு விளக்கம். முதல் பாகத்தில் சமையல்காரன்கூடச் சிரிக்கவைப்பான்; இப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை, எல்லாரும் ஆலோசனை மண்டபத்தில் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள். புதிது புதிதாக ராஜாக்கள் வந்தார்கள், எல்லாருக்கும் வாயில் நுழையாத பெயர்.

“நம்மாளு எங்கட்டி? நம்ம பய எங்க? இவனுவ பஞ்சாயத்தை ஆரு கேட்டா?” என்று இலை கிழித்தபடி இசக்கி மதினி கத்துவாள்.

“வருவாவ மதினி, வருவாவ. அவரு பைய பையத்தான் கொண்டு வருவாரு” என்று தங்கபுஷ்பம் சமாளிப்பாள். எழுதினவரை மற்றவர்கள் குறைசொன்னால் அவளுக்குப் பொறுக்கவில்லை, தான் மட்டும் வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று, இப்படிப் பண்ணிட்டீரே ஐயா, இதுக்கா பத்தொன்பது வருசம் என்று முனகுவாள். நடுவில் எட்டாம் அத்தியாயத்தில் மழையை ஒரு பக்கம் எழுதியிருந்தார், பழைய ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அந்த ஒரு பக்கத்தை நம்பி மறுபடி மூணு நாள் ஓட்டினாள்.

பதினோராம் நாள் தாமன் வந்தான். அன்றைக்கு வேயினி யாருக்காகக் கதவைத் திறந்தாளோ, அந்தக் கைக்குழந்தைக்காரி மதில்மேல் ஏறி, அழுதுகொண்டிருந்தவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். கம்பங்கூழ் ஊட்டினாள். தன் பிள்ளையோடு பிள்ளையாகப் படுக்கப்போட்டாள். “‘தாமன் விம்மல் அடங்கித் தூங்கிப்போனான். அவன் அக்காள் போன அதே இரவு அது’” என்று தங்கபுஷ்பம் வாசித்தாள்.

“அதே ராத்திரியா?” என்றாள் வேணி.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்ப அவனுக்கு இன்னும் ஏழு வயசுதான்” என்றாள். சொல்லிவிட்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றைக்கு ஆளுக்கொரு ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் தங்கபுஷ்பம் பக்கத்தைப் புரட்டினாள். கடைசி அத்தியாயம். தலைப்பே ‘வேயினி’ என்றிருந்தது. பேரைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். உச்சி வெயில், தகரம் சுட்டுக்கொண்டிருந்தது. வேணி மெதுவாக எழுந்து, செம்மண் நிறக் கல்லைப் பலகைக்கு முன்னால் வைத்தாள். “முகங் கழுவிட்டு வந்துருதேன். வந்து சொல்லுதேன்” என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

குழாயடியில் கூட்டம் போலிருக்கிறது, நேரம் ஆனது. பெண்கள் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புத்தகம் தங்கபுஷ்பத்தின் மடியில் திறந்தபடி கிடந்தது. அவள் படிக்க நினைக்கவில்லை. கண் குனிந்தது, கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ‘பனி விலகியது’ என்பது முதல் வரி. ரெண்டாவது வரியில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய ஆள் திரும்பி வந்திருந்தார். பதினொரு அத்தியாயம் எங்கே போய்த் தொலைந்தாரோ, அதே துள்ளல், அதே எகத்தாளம், ஒரு வரி அடுத்த வரியைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போகிற அதே ஓட்டம். பத்தொன்பது வருஷம் பட்டினி கிடந்தவள் முன்னால் இலையைப் போட்டுப் பரிமாறிவிட்டு, கை நனைக்காதே என்றால் எப்படி? வாயைத் திறக்கவில்லையே, சத்தம் வரவில்லையே, கண்ணால் பார்ப்பதெல்லாம் படிப்பாகுமா, கல் கிடக்கிற இடத்தில்தானே கிடக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“ஏட்டி புஷ்பம், கண்ணு ஓடுதே” என்றாள் இசக்கி மதினி.

“சும்மா பாக்கேன் மதினி.”

சும்மா பார்த்தாள். ‘பனிக்குள் வைத்த அதே காலை, மறுகணம் அவள் பனியின் அக்கரையில் ஊன்றினாள்’ என்ற வரியைப் பார்த்தாள். அந்த வரியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வேயினி மந்திரவாதியின் முன்னால் நின்று பேசுகிற பேச்சைப் பார்த்தாள், மெய்மறந்து பார்த்தாள், இருபத்திரண்டு பக்கமும் பார்த்தாள். கோட்டையின் எல்லாக் கதவையும் வேயினி ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, தூங்குகிற தம்பியின் தலையைத் தடவிவிட்டு, தனக்கு முன்பே துரத்தப்பட்டவர்களைத் தேடித் தானாகவே மறுபடி பனிக்குள் நடக்கிறாள். முற்றிற்று. தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மைமூன் வேணியின் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“வேணி இங்ஙன வந்தாளா? குனிஞ்சு முகங் கழுவிக்கிட்டு இருந்தா, திரும்பிப் பாக்கேன் ஆளைக் காணும், குடம் நிறைஞ்சு வழியுது.”

மைமூனுக்குத்தான் விஷயம் தெரியாதே, அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். “நல்லா சந்தோசமா பேசிக்கிட்டு இருந்தா. ‘பயலுக்குச் சொகம்னு தெரிஞ்சுட்டு மைமூனு, ஒருத்தி பாத்துக்கிடுதா, அது போதும் எனக்கு. போயிக் கல்லை எடுத்துட்டு, புத்தகத்தை மூடச் சொல்லப் போறேன், எனக்கு இந்த ஊரு போதும்’னா. அதுக்குள்ள எங்க போனா?”

தங்கபுஷ்பம் மறைக்கவில்லை. அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள். நான்தான் பாவி, நான்தான் அவளை அனுப்பிட்டேன், கண்ணாலதானேன்னு நினைச்சுட்டேன் என்று சொன்னாள். அடிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இசக்கி மதினி மடிச் சுளவை இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்:

“நல்லாருந்துச்சாட்டி?”

தங்கபுஷ்பத்தால் பொய் சொல்ல முடியவில்லை. “நல்லாருந்துச்சு மதினி” என்றாள். மோசமாக இருந்திருந்தால் ரெண்டாவது வரியிலேயே மூடியிருப்பேனே, அந்தப் பதினொரு அத்தியாயம் மாதிரி இருந்திருந்தால் அவள் இப்போது குடத்தோடு வந்து படியேறியிருப்பாளே என்று விக்கி விக்கி அழுதாள்.

கல்லை எடுக்க ஆள் இல்லை. கல் கிடந்தால் அடுத்த வரி கிடையாது. ஆகவே ரெண்டாம் பாகத்தின் முடிவு அந்தக் கொட்டகையில் தங்கபுஷ்பத்தைத் தவிர ஒருத்திக்கும் இன்றுவரை தெரியாது, அவளும் சொல்லக்கூடாது, அவர்களும் கேட்கமாட்டார்கள். கொட்டகையில் இப்போது ரேடியோ பாடுகிறது. தங்கபுஷ்பம் மற்றவர்களோடு வட்டத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள், இருபது வருஷத்துக்கு மேல் சுற்றாத கை என்பதால் பாதியைக் கழித்துவிடுகிறார்கள். ரேஷன் கடையில் வேணி பேரை எடுத்துவிடவா என்று கேட்டால், ஊருக்குப் போயிருக்கா என்கிறார்கள். கொடை வரி நோட்டில் கோட்டைக்காரவுக பக்கத்துக்கு வருஷா வருஷம் யாராவது வரி கட்டிவிடுகிறார்கள்.

தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தாள் தங்கபுஷ்பம். பத்தொன்பது சட்டையும் இருந்தன. தாமனுக்குச் சரியாக இருந்திருக்கக்கூடிய முதல் சட்டையும் அடியில் அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கடைசி அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், கண்ணால்தான், இனி எதுக்கு ஒளிவு. வேயினியின் கையில் புகையிலை வாடை அடிப்பதாக ஒரு வார்த்தை, பேச்சில் ஒரு ‘ஏட்டி’, யாரோ ஒரு மதினியை நினைத்து ஒரு பெருமூச்சு, ஏதாவது இருக்காதா என்று விரல் வைத்துத் தேடினாள். மறுகணம் என்று போட்டிருந்தது. பத்தொன்பது வருஷமும், வெள்ளமும், கொடையும், மைமூன் கடை இட்லியும், தடித்தடிப் பீடியும் எல்லாம் சேர்ந்து எழுதினவருக்கு ஒரு மறுகணம்.

முடித்த மறுநாள் காலையில் அவள் வெள்ளெனவே கொட்டகைப் படிக்கு ஓடிப்போய்ப் பார்க்காமல் இல்லை. கதைப்படி வேணி மறுபடி பனிக்குள் போயிருக்கிறாள், வந்துதானே ஆகவேண்டும். எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது, ஒருத்தரும் வரவில்லை. முதல் தடவை எல்லாக் காதும் கேட்கும்படி முறையாக வாசித்தோம், வந்தாள். இந்தத் தடவை ஒருத்தி திருட்டுத்தனமாகப் படித்த இடத்துக்கு எதற்கு வருவாள் என்று தோன்றியது. வேறு ஏதோ ஊரில், முறையாக வாசித்த ஏதோ ஒரு தெருவில், காலையில் கதவைத் திறந்த யாரோ ஒருத்தி, நனைந்த தலையோடு படியில் இருந்தவளுக்குக் காப்பி கொடுத்திருப்பாள். கொடுத்திருக்க வேண்டும்.

ரெண்டு வருஷம் கழித்து, டவுன் நூலகத்தில் ஒரு வாரப் பத்திரிகையைக் காட்டினார்கள். எழுத்தாளர் பேட்டி கொடுத்திருந்தார். மூன்றாம் பாகத்தை எழுதத் தொடங்கிவிட்டாராம், வாசகர்களை இந்தத் தடவை காக்கவைக்க மாட்டாராம். தங்கபுஷ்பத்துக்கு முதலில் நாக்கில் எச்சில் ஊறியது, அதை நான் மறைக்கமாட்டேன். அடுத்த நிமிஷம், மூன்றாம் பாகம் வந்தால் வேணி இப்போது இருக்கிற ஊரைவிட்டும் போய்விடுவாளே என்று உறைத்தது. எதிர்த்தாற்போல இருந்த தபாலாபீசுக்குப் போய் ஒரு கார்டு வாங்கி, அங்கேயே நின்றுகொண்டு எழுதினாள்.

‘ஐயா அவர்களுக்கு, கீழச்செவல்குளம் தங்கபுஷ்பம் எழுதிக்கொண்டது. ரெண்டாம் பாகம் படித்தேன். நடுவில் ரொம்ப வருத்தப்பட்டேன், கடைசியில் ரொம்ப நன்றாக இருந்தது, அதற்காகவும் வருத்தப்படுகிறேன். வேயினியை மறுபடி பனிக்குள் அனுப்பியிருக்கிறீர்கள். இந்நேரம் ஏதாவது ஒரு ஊரில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கும். அவளுக்கு எந்த வேலையும் சீக்கிரம் கைக்கு வராது. அந்த ஊர்ப் பேச்சு படியவே ஒரு வருஷம் ஆகியிருக்கும். ரேஷன் கார்டுக்கு இன்னும் அலைந்துகொண்டிருப்பாள். தகப்பன் பெயருக்கு உங்கள் பெயரைத்தான் சொல்லியிருப்பாள். அதை நினைத்தாவது, மூன்றாம் பாகத்தை அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள் ஐயா. நாங்கள் காத்திருப்போம், எங்களுக்குப் பழக்கம்தான். அவள் அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.’